முதல் மான் வேட்டை: கொலராடோ மலைச்சரிவில் எது சரிப்படும்?

முதன்முறை மான் வேட்டைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்வி, எந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்பதுதான். நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது வேறு. மான் விழுந்த பிறகு, இருட்டுகிற நேரத்தில், முப்பது கிலோ கறியை முதுகில் ஏற்றிக்கொண்டு எந்தச் சரிவு வழியாக வண்டிக்கு வந்து சேரப் போகிறீர்கள்? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் ஆயுதம், கூடாரம், பூட்ஸ் எல்லாமே ஏறக்குறைய முடிவாகிவிடும். கீழே ஒவ்வொன்றையும் அந்த ஒரே அளவுகோலை வைத்துத்தான் ஒப்பிடுகிறேன்.

நான் மனதில் வைத்திருப்பது அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தின் மேற்குப் பகுதி. ஒயிட் ரிவர், கன்னிசன் போன்ற தேசிய வனங்கள், அவற்றை ஒட்டிய பி.எல்.எம். (கூட்டாட்சி அரசின் நில மேலாண்மைத் துறை) நிலங்கள். தேடிப் போவது மியூல் மானை, அதாவது பெரிய காதுகளும் வெள்ளைப் பின்புறமும் கொண்ட மலை மானை. உரிமம் வைத்திருக்கும் யாரும் இந்தப் பொது நிலத்தில் வேட்டையாடலாம், யாருக்கும் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. அதனாலேயே சாலையோரம் கூட்டம் நெரியும். ஆயிரம் அடி ஏறத் தயாராக இருப்பவருக்கு மட்டும்தான் மலை காலியாகக் கிடைக்கும்.

1949 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்திருந்தால்தான் உரிமத்துக்கு விண்ணப்பிக்க முடியும். மான் உரிமம் குலுக்கலில் வருகிறது, விண்ணப்பக் கெடு ஏப்ரல் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். ஆக, இலையுதிர்கால வேட்டைக்கான வேலை குளிர்காலத்திலேயே ஆரம்பிக்கிறது.

வில்லா, ரைபிளா?

வில் வேட்டை செப்டம்பரில். இதமான வானிலை, கூட்டமும் குறைவு. ஆனால் நாற்பது கெஜத்துக்குள் மானை நெருங்க வேண்டும், அதற்கு முன்பு மாதக்கணக்கில் தினமும் பயிற்சி வேண்டும். என் பெரிய கவலை அதுவல்ல. அம்பு பட்ட மான் உடனே விழாமல் செங்குத்துச் சரிவில் இறங்கி ஓடினால், புதியவர் ரத்தத் தடம் பார்த்துப் பின்தொடர்வது கடினம். கண்டுபிடிக்கும்போது செப்டம்பர் வெயிலில் கறி கெட்டிருக்கலாம். அந்த உயிருக்கு நாம் பதில் சொல்ல வேண்டும்.

குழல் முனை வழியாக வெடிமருந்து கிட்டிக்கும் மஸ்ஸில்லோடர் துப்பாக்கிக்கு செப்டம்பர் நடுவில் ஒரு சிறு பருவம் உண்டு. கொலராடோவில் அதில் தொலைநோக்கி பொருத்தக் கூடாது, வெறும் இரும்புக் குறிதான். ரைபிளில் நிறையப் பழகியவருக்கு அடுத்த படியாக அது நல்லது, முதல் வருடத்துக்கு வேண்டாம்.

என் தேர்வு ரைபிள். அக்டோபர், நவம்பர் குளிரில் கறி கெடாது, இருநூறு கெஜத்திலிருந்து நிதானமாகச் சுடலாம். எந்தத் தோட்டா என்ற விவாதத்தில் நேரத்தைச் செலவிட வேண்டாம். சட்டப்படி குறைந்தது .24 காலிபர் (குண்டின் விட்டம், அங்குலத்தில்), குண்டின் எடை 70 கிரெய்ன் (சுமார் நாலரை கிராம்). .308, .270, 6.5 கிரீட்மோர் என்ற தோட்டா வகைகளில் எதுவும் போதும். சுடும்போது கண்ணைச் சிமிட்டாமல் இருக்கும் அளவுக்கு எது உங்களுக்கு மென்மையாக உதைக்கிறதோ அதை எடுங்கள். மேசையில் சாய்ந்து சுடுவதைவிட, தரையில் உட்கார்ந்து முழங்காலில் கையூன்றிச் சுடப் பழகுங்கள். மலையில் மேசை கிடைக்காது.

நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை விதிக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. எனவே உரிமம் கைக்கு வரும் முன்பே நண்பரின் ரைபிளை வாங்கிப் பழகலாம் என்று நினைக்காதீர்கள். இந்தச் சிக்கலே வேண்டாம் என்பவருக்கு வில் ஒரு நியாயமான வழி, அது மறுப்பதற்கில்லை.

ஆண் மானா, பெண் மானா?

பெண் மான். கொம்புக்காகக் காத்திருந்தால் நல்ல பகுதிகளில் குலுக்கலில் முன்னுரிமை தரும் புள்ளிகளை வருடக்கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கும். பெண் மான் உரிமம் பல பகுதிகளில் எளிதாகக் கிடைக்கிறது, உடல் சிறியது, கறியும் மென்மை. நவம்பர் நடுவில் ஆண் மான்கள் இணை தேடி வெளியே திரியும் என்பது உண்மைதான். அந்தப் பருவத்தின் உரிமத்துக்குப் போட்டியும் அதிகம், பனியும் அதிகம். முதல் முறைக்கு அக்டோபர் இறுதியே போதும்.

மேலே கூடாரமா, கீழே வண்டியா?

இதில்தான் ஆர்வம் கண்ணை மறைக்கும். மூன்று மைல் உள்ளே, பத்தாயிரம் அடி உயரத்தில் கூடாரம் போட்டால் விடியும்போதே மான்களின் நடுவில் இருப்போம் என்று தோன்றும். அது பொய்யில்லை. வேட்டை நேரம் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பே தொடங்குகிறது, அந்த முதல் ஒரு மணி நேரம் தங்கத்துக்குச் சமம்.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். கூடாரம், படுக்கை, அடுப்பு, உணவு, ரைபிள் எல்லாம் சேர்ந்து ஏறும்போதே இருபது கிலோவைத் தாண்டும். அக்டோபர் இறுதியில் இரவில் தண்ணீர் பாட்டில் உறைந்துபோகும். உயரத்துக்குப் பழகாத உடம்பில் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரும். எல்லாம் தாண்டி மான் விழுந்தால், கறியைத் தூக்குவதா கூடாரத்தைத் தூக்குவதா? இரண்டையும் ஒரே நடையில் கொண்டுவர முடியாது. மூன்று மைல் மறுபடி ஏற வேண்டும்.

வண்டியருகே தங்கினால் அதிகாலை மூன்றரைக்கே எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் ஏற வேண்டும். அந்தக் கஷ்டம் மெய். பதிலுக்குக் கிடைப்பது காய்ந்த உடை, சூடான சாப்பாடு, ஐஸ் பெட்டி. இன்னொரு பெரிய லாபம், இரண்டு நாள் பார்த்தும் அந்தப் பள்ளத்தாக்கில் மான் இல்லையென்றால் வண்டியைக் கிளப்பி வேறு மலைக்குப் போகலாம். மேலே கூடாரம் போட்டவர், இவ்வளவு தூக்கி வந்தோமே என்ற எண்ணத்திலேயே மான் இல்லாத இடத்தில் வாரத்தைக் கழிப்பார். வனத்துறை வெளியிடும் மோட்டார் வாகன வரைபடத்தில் குறித்த சாலைகளில் மட்டுமே வண்டி போகலாம் என்பதை மறக்க வேண்டாம்.

முதல் வேட்டைக்கு என் ஓட்டு வண்டிக்குத்தான். இரண்டு நாள் முன்பே வந்து எட்டாயிரம் அடியில் தூங்கி உடம்பைப் பழக்கிவிட்டால் பாதிக் கஷ்டம் குறையும்.

நடந்து தேடுவதா, உட்கார்ந்து பார்ப்பதா?

நடந்தால் வேட்டையாடுவது போல இருக்கும். உட்கார்ந்தால் சும்மா இருப்பது போல இருக்கும். ஆனால் செங்குத்து மலையில் சரளைக் கல் உருளும், காய்ந்த சருகு நொறுங்கும், நாம் பார்ப்பதற்கு முன்பே மான் நம்மைப் பார்த்துவிடும். எதிர்ச்சரிவு தெரியும் இடத்தில் உட்கார்ந்து, 10×42 பைனாகுலரை டிரைபாடில் பொருத்தி, சரிவைப் பட்டை பட்டையாகப் பிரித்துப் பாருங்கள். முழு மானைத் தேடாதீர்கள். மரங்கள் எல்லாம் நெட்டுக்கோடு, அதில் ஒரு கிடைக்கோடு தெரிந்தால் அது முதுகாக இருக்கலாம். ஒரு காது அசையும். சாம்பல் நிறப் புதருக்குள் ஒரு வெள்ளைத் திட்டு இருக்கும். ஒருமுறை பார்த்து எதுவும் இல்லை என்று முடிவு செய்த இடத்தில் அடுத்த முறை நான்கு மான்கள் படுத்திருக்கும்.

மான் தெரிந்த பிறகு காற்றைப் பாருங்கள். அதிகாலையில் குளிர்ந்த காற்று சரிவில் கீழ்நோக்கி ஓடும், வெயில் ஏறியதும் சூடாகி மேல்நோக்கி எழும். அதனால் காலை பத்து மணிக்குமேல் மானுக்கு மேலிருந்து இறங்குவதே வழி. அந்த நேரத்தில் கீழிருந்து ஏறினால் நம் வாடை நமக்கு முன்னால் போய்விடும்.

சரிவில் சுடும்போது தூரக் கணக்கும் மாறும். முப்பது பாகை சரிவில் முந்நூறு கெஜம் தள்ளியிருக்கும் மானுக்கு, 260 கெஜத்துக்குரிய குறிதான் சரி. ஏனென்றால் குண்டு கீழே விழுவதைக் கிடைத்தூரமே தீர்மானிக்கிறது. கோணத்தைக் கணக்கிடும் தூரமானிகள் இதைச் சொல்லிவிடும். முகட்டின் உச்சியில் வானம் பின்னணியாக நிற்கும் மானைச் சுடவே கூடாது. குண்டு எங்கே போய் விழும் என்று யாருக்கும் தெரியாது.

அப்புறம், கண்டதும் சுடாமல் ஒரு நிமிடம் வரைபடத்தைப் பாருங்கள். மான் அங்கே விழுந்தால் கறியைக் கீழே கொண்டுவர வழி உண்டா? வழியில்லை என்றால் அந்த மானை விட்டுவிடுவதுதான் நல்ல வேட்டை.

இழுப்பதா, அறுத்துச் சுமப்பதா?

சமதளக் காடுகளில் வயிற்றைச் சுத்தம் செய்து முழு மானையும் இழுத்து வருவார்கள். இங்கே விழுந்து கிடக்கும் மரங்களுக்கு நடுவே இழுப்பது வேலைக்காகாது. கை நழுவினால் மான் வேறொரு ஓடையில் போய்க் கிடக்கும்.

வயிற்றைத் திறக்காமல் அறுக்கும் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். உரிமச் சீட்டில் கையெழுத்தும் தேதியும் இட்டதும் முதல் வேலை, மேல்பக்கத்து மரத்தில் கயிறு கட்டி மானின் காலைப் பிணைப்பது, இல்லையென்றால் அது உருண்டுவிடும். முதுகெலும்பு நெடுகத் தோலைக் கீறி வயிற்றுப் பக்கமாக உரியுங்கள். முன் சப்பை எலும்பு மூட்டு எதுவும் இல்லாமல் வெறும் தசையால்தான் உடம்போடு ஒட்டியிருக்கிறது. காலைத் தூக்கிப் பிடித்துக் கத்தியை விலாவை ஒட்டி விட்டால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். பின் தொடையில் இடுப்பெலும்பை ஒட்டியே அறுத்துப் போனால் பந்து மூட்டு தட்டுப்படும். அதை அறுத்து, காலை விரித்தால் தொடை கழன்றுவிடும். பிறகு முதுகுக்கறி, கழுத்துக்கறி. கடைசி விலாவுக்குப் பின்னால் கீறிக் கைவிட்டால் உள்முதுகுக் கறியும் கிடைக்கும். புரட்டிப் போட்டு மறுபக்கமும் இதே வேலை. பழக்கமில்லாதவருக்கு இரண்டு மணி நேரமாவது பிடிக்கும்.

நான்கு கால்கள், முதுகுக்கறி, உள்முதுகுக் கறி ஆகியவற்றை விட்டுவிட்டு வருவது கொலராடோவில் குற்றம். ஆணா பெண்ணா என்று காட்டும் உறுப்பும் கறியோடு இயல்பாக ஒட்டியபடியே இருக்க வேண்டும். காற்றோட்டமான துணிப்பைகளில் போட்டு நிழலில் தொங்கவிட்டு ஆறவிடுங்கள்.

உடம்பும் காலும்

ஜிம்மில் படிக்கட்டு இயந்திரம் நுரையீரலைத் தயார் செய்யும். ஆனால் அது ஏற்றம் மட்டுமே. முட்டியைப் பதம் பார்ப்பது சுமையோடு இறங்குவது, அதற்கு நிஜ மேடுதான் வேண்டும். ஜூனிலிருந்து பையில் தண்ணீர்க் கேன்களை வைத்து ஏறி இறங்குங்கள், எடையை மெதுவாகக் கூட்டுங்கள். லேசான நடைக் காலணி ஏறும்போது சுகமாக இருந்தாலும், சரிவில் குறுக்கே நடக்கும்போது மடங்கிப் பாதத்தைத் திருகிவிடும். அடிப்பாகம் விறைப்பான பூட்ஸ் வாங்கி, வேட்டைக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே போட்டுப் பழக்குங்கள். ஊன்றுகோல் இரண்டு. இடுப்புக்கு மேலே 500 சதுர அங்குல ஒளிரும் ஆரஞ்சு அல்லது பிங்க் நிறமும், அதே நிறத் தொப்பியும் கட்டாயம்.

கடையில் வெட்டுவதா, வீட்டிலா?

கறியைப் பற்றிய யோசனையைக் குண்டிலிருந்தே தொடங்க வேண்டும். ஈயக் குண்டு உடம்புக்குள் சிதறும், கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் காயத்திலிருந்து தள்ளியிருக்கும் கறியிலும் கிடக்கும். பிள்ளைகள் சாப்பிடப் போகிற கறி என்றால் விலை கூடினாலும் செப்புக் குண்டுதான்.

மான்களைத் தாக்கும் சி.டபிள்யூ.டி. என்ற மூளை நோய் 1967-ல் முதலில் கவனிக்கப்பட்டதே கொலராடோவில்தான். மனிதருக்குத் தொற்றியதாக நிரூபணம் இல்லை, ஆனாலும் நோயுள்ள மானின் கறியைச் சாப்பிட வேண்டாம் என்பதே அமெரிக்க சுகாதாரத் துறையின் அறிவுரை. பரிசோதனைக்கு மானின் தலை வேண்டும், சுமையில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடையில் கொடுத்தால் வேலை மிச்சம், ஆனால் கொத்துக்கறிக்குப் பல மான்களைக் கலந்துவிடும் கடைகளும் உண்டு. தனியாக வெட்டித் தருவார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். வீட்டுச் சமையலறையில் நல்ல கத்தியோடு ஒரு நாள் ஒதுக்கினால் நீங்களே முடித்துவிடலாம், நான் பரிந்துரைப்பது அதைத்தான். பொட்டலங்களில் தேதி எழுதி ஃப்ரீசரில் வைத்துவிட்டு, பரிசோதனை முடிவு வந்த பிறகே சமையுங்கள்.