மிஹோயோவா, லிலித்தா?

இரண்டுமே ஷாங்காயைச் சேர்ந்த வீடியோ கேம் நிறுவனங்கள். வளர்ந்த விதம்தான் வேறு. மிஹோயோவை 2012-இல் தொடங்கியவர்கள் ஜியாவ் தோங் பல்கலைக்கழக மாணவர்கள் மூவர். அனிமே எனும் ஜப்பானியக் கார்ட்டூன் பாணிதான் அவர்களின் பிடிவாதம். 'ஹோன்காய்' விளையாட்டு வரிசையில் பெயரெடுத்த பிறகு, 'கென்ஷின் இம்பாக்ட்' என்ற ஒரே விளையாட்டில் பணத்தைக் கொட்டினார்கள். 2020-இல் அது போன், கணினி, பிளேஸ்டேஷன் மூன்றிலும் ஒரே நாளில் வந்தது. ஓடாமல் போயிருந்தால்? நினைத்தாலே பகீரென்கிறது.

லிலித், சீனாவின் பெரிய இணைய நிறுவனமான டென்சென்ட்டிலிருந்து வெளியேறியவர்கள் 2013-இல் தொடங்கியது. 'ரைஸ் ஆஃப் கிங்டம்ஸ்', 'ஏஎஃப்கே அரீனா' என்று வகைக்கு ஒரு விளையாட்டாக விட்டு வெளிநாட்டுச் சந்தையைப் பிடித்தது. பதற்றம் குறைந்த வழி.

அப்புறம், 2020-இல் ஹுவாவே, ஷாவ்மி போன் நிறுவனங்களின் ஆப் கடைகள் வருமானத்தில் கேட்ட பாதிப் பங்கைத் தர இரண்டுமே மறுத்து, தங்கள் புது வெளியீடுகளை அங்கே வைக்கவே இல்லை. துணிச்சலைப் பார்த்தால் என் ஓட்டு மிஹோயோவுக்கு. முதலீடு என் பணமென்றால் லிலித்துக்கு.