இலவச எலும்பு அடர்த்தி முகாமா? பணப்பையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்

போன மாதம் எங்கள் குடியிருப்பில் இலவச எலும்பு அடர்த்திப் பரிசோதனை முகாம் போட்டார்கள். என் அம்மாவுக்கு 61 வயது. குதிகாலில் ஜெல் தடவி, சின்ன மிஷினில் காலை வைக்கச் சொல்லி, கொஞ்ச நேரத்தில் சீட்டை நீட்டினார்கள். ஆரோக்கியமான இளவயது எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லும் டி-ஸ்கோர் மைனஸ் 2.9, சிவப்புக் கட்டம்.

"எலும்பு பஞ்சாயிடுச்சும்மா. பாத்ரூம்ல வழுக்குனா இடுப்பு போயிடும்" என்றார் வெள்ளைக் கோட்டுக்காரர். பக்கத்து மேஜையிலேயே மருந்து தயார்! கால்சியம் மாத்திரை, கொலாஜன் பவுடர், ஏதோ ஒரு தைலம். மூன்று மாதத்துக்கு 11,500 ரூபாய். அம்மா பயந்துபோய்க் கட்டிவிட்டார். பில் கிடையாது, ஜிஎஸ்டி எண்கூட இல்லாத துண்டுச் சீட்டுதான்.

எலும்பு டாக்டர் அந்த ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு எக்ஸ்-ரே மூலம் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு எளிதில் முறியும் நோய் என்று உலக சுகாதார நிறுவனம் வைத்த கணக்கு, இடுப்பிலும் முதுகுத்தண்டிலும் எடுக்கும் டெக்ஸாவுக்கானது. குதிகால் அல்ட்ராசவுண்டு எண்ணை அதில் பொருத்தி நோய் என்று முடிவு கட்டக் கூடாதாம். டெக்ஸாவில் அம்மாவுக்கு முதுகு மைனஸ் 1.3, இடுப்பு மைனஸ் 0.9. அடர்த்தி லேசாகக் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். நடக்கச் சொன்னார், விட்டமின் டி பார்க்கச் சொன்னார்.

பணம் போனதைவிட எனக்கு ஆத்திரம் எதிர்வீட்டு அக்கா விஷயத்தில்தான். அதே முகாமில் அவருக்குப் பச்சைக் கட்டம், "சூப்பரா இருக்கு" என்று அனுப்பிவிட்டார்கள். அவர் முடக்குவாதத்துக்குப் பல வருஷமாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர். போன வருஷம் நின்ற இடத்தில் விழுந்து மணிக்கட்டு உடைந்தது. அவருடைய அம்மாவுக்கும் இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. அடுத்த 10 வருஷத்தில் எலும்பு முறியும் வாய்ப்பைச் சொல்லும் ஃபிராக்ஸ் கணக்கில் இந்த மூன்றுமே கேள்விகள். முகாமில் ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டால் மருந்து விற்கிற நேரம் போய்விடும் போல. நான் வற்புறுத்தி டெக்ஸா எடுக்க வைத்தேன். இடுப்பில் மைனஸ் 2.8. இப்போது சிகிச்சையில் இருக்கிறார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால் "பேக்கைப் பிரிச்சாச்சே" என்கிறார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். அதே பேனர் இப்போது பக்கத்துத் தெருவில் தொங்குகிறது. போகிறவர்கள் டாக்டரின் பதிவு எண்ணைக் கேளுங்கள், பில் இல்லாமல் ஒரு மாத்திரைகூட வாங்காதீர்கள்.