பழைய 50 மிமீ லென்ஸ்: ரிப்பேருக்குப் பிறகு

கண்டியிலிருந்து லென்ஸ் திரும்பி வந்து இரண்டு வாரமாகிறது. பூஞ்சணம் போய்விட்டது, கண்ணாடி பளிச்சென்று இருக்கிறது. எனக்குத்தான் எரிச்சல் அடங்கவில்லை. அதற்குள் பண்டாரவளை நண்பன், "விலை இறங்கியிருக்காம், வாங்கவா மச்சான்?" என்று கேட்டுவிட்டான்.

கல்யாண வீட்டுப் படத்துக்கு இது எப்படி என்று எனக்குத் தெரியாது. ஹட்டனுக்கு மேலே, தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னால் முக்காலி வைத்து, ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை விண்மீன்களின் ஒளியை அளக்கிறவன் நான்.

இந்த லென்ஸின் பெயர்போன குறை, ஃபோகஸ் வளையம் லொடலொடவென்று ஆடுவது. குளிர் ஏற ஏற நட்சத்திரம் உப்பிப்போகும். முதல் வருடம் முழுக்கத் திட்டினேன். அப்புறம்தான் புரிந்தது, ஒளி அளக்க உப்பிய நட்சத்திரமே நல்லது. கூராக விழுந்தால் கேமரா சென்சாரின் நாலைந்து புள்ளிகள் நிரம்பி வழிந்துவிடும். பரவி விழுந்தால் கணக்கு ஒழுங்காக வரும். 2.867 நாளுக்கு ஒருமுறை ஒளித்தரம் 2.1இலிருந்து 3.4க்கு (எண் கூடினால் மங்கல்) மங்கும் அல்கோல் என்ற இரட்டை விண்மீனை அந்த ஆடுகிற வளையத்தோடுதான் பிடித்தேன்.

ஆனால் என் ஆசை சீட்டா ஆரிகே என்ற இன்னொரு இரட்டை. கபெல்லா என்ற பிரகாசமான விண்மீனுக்குப் பக்கத்தில் சாதுவாக நிற்கும். 972 நாளுக்கு ஒருமுறை, நீல நிறச் சூடான சிறிய விண்மீன் ஒன்று ஆரஞ்சு நிறப் பேருருவன் ஒன்றின் பின்னால் போய், ஐந்து வாரத்துக்கு மேல் காணாமல் போகும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. படத்தின் சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாக அளந்தேன்: சிவப்பு அசையவே இல்லை, நீலம் மட்டும் தொப்பென்று விழுந்திருந்தது! அன்று இரவு வீட்டில் எல்லோரையும் எழுப்பிவிட்டேன். அம்மா இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

அந்தச் சிறிய விண்மீன் எத்தனை நாள் மறைந்திருந்தது என்பதைக் கேமரா சொல்லும். எந்த வேகத்தில் ஓடுகிறது என்பதை நிறமாலைதான், அதாவது நிறம் நிறமாகப் பிரித்த ஒளிதான், சொல்லவேண்டும். அதற்குப் பெரிய தொலைநோக்கிக்காரர்களைத்தான் நம்பவேண்டும். வேகத்தை நாளால் பெருக்கினால், கிட்டத்தட்ட அந்தப் பேருருவனின் குறுக்களவு. சூரியனைப் போல நூறு மடங்குக்கும் மேலே. எடையும் அதே வேகத்திலிருந்துதான் வரும். மாசியில் உள்ளே போனதைப் பிடித்தேன். வெளியே வந்ததைப் பங்குனி மழை தின்றுவிட்டது. பாதிக் கணக்கோடு உட்கார்ந்திருக்கிறேன். அது லென்ஸின் தவறில்லை, சரி.

இப்போது எரிச்சலுக்கு வருகிறேன். பூஞ்சணம் துடைக்கக் கொடுத்தால், கடைக்காரர் வளையத்தையும் இறுக்கி அனுப்பியிருக்கிறார். நட்சத்திரங்கள் ஊசிமுனையாக விழுகின்றன. ஃபோகஸைக் கொஞ்சம் விலக்கி வைக்கலாமென்றால் இரண்டு விரலால் திருகினாலும் அசைவதில்லை. அதற்குக் காசும் வாங்கவில்லை, சண்டை போடவும் வழியில்லை.

நண்பா, வாங்காதே. பிளாஸ்டிக், பூஞ்சணம் பிடிக்கும், மலைக்கு ஒத்து வராது. ஆனால் எங்காவது வளையம் ஆடுகிற பழையதொன்று கண்ணில் பட்டால், முதலில் எனக்குச் சொல்.