நாலு ராத்திரி, ஒரு குட்டி ஃப்ரிட்ஜ்: அகமதாபாத் ஓட்டல் அனுபவம்

சாயப்பட்டறைகளில் மெஷின் சர்வீஸ் பார்ப்பது என் வேலை. கோயமுத்தூரில் வீடு இருக்கிறதே தவிர, மாதத்தில் பத்து நாள் வெளியூர்தான். போன வாரம் அகமதாபாத், நரோல் பக்கம் ஒரு மில். கம்பெனியில் ஆசிரம ரோட்டில் ஒரு நாலு நட்சத்திர ஓட்டலில் ரூம் போட்டுக் கொடுத்தார்கள். வாடகை அவர்கள் கணக்கு. சாப்பாட்டுக்குத் தினம் 800 ரூபாய் பேட்டா, மிச்சம் பிடித்தால் எனக்கு. ரூமிலுள்ள குட்டி ஃப்ரிட்ஜில் விற்பனைக்கு வைத்திருக்கும் சாமான்தான் மினிபார். அந்த பில்லை மட்டும் எங்கள் அக்கவுண்ட்ஸ் அம்மா கையாலும் தொட மாட்டார்.

ரூம் சுத்தம். படுக்கை நன்றாக இருந்தது. வெந்நீர் வர ஐந்து நிமிடம் பிடித்தது, பரவாயில்லை.

மினிபாருக்கு வருகிறேன். 1960-ல் மாநிலம் பிரிந்ததிலிருந்தே குஜராத்தில் மதுவிலக்கு. அதனால் உள்ளே சரக்கு கிடையாது. ஜூஸ் டப்பா, குளிர்பானம், சாக்லேட், உள்ளங்கை அளவு முந்திரிப் பாக்கெட். முந்திரி 320 ரூபாய்! அச்சடித்த விலையைக் காட்டிச் சண்டை போடலாம் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் பாட்டிலைக்கூட எம்.ஆர்.பி.க்கு மேல் விற்க ஓட்டல்களுக்கு உரிமை உண்டு என்று 2017-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ராத்திரி பதினொரு மணிக்கு மில்லிலிருந்து பசியோடு வருகிறவனை நம்பித்தான் அந்த முந்திரி அங்கே உட்கார்ந்திருக்கிறது.

எனக்கு வேண்டியது அந்தப் பெட்டியின் குளிர்ச்சி மட்டும். இந்தக் குட்டி ஃப்ரிட்ஜுகள் பலவற்றில் கம்ப்ரசர் கிடையாது, அம்மோனியாவைச் சூடாக்கி ஓட்டுகிற வகை. இங்கேயும் அதுதான். ராத்திரி உறுமாது, ஆனால் மெதுவாகத்தான் குளிரும். ஏற்கெனவே குளிர்ந்த சாமானை வைத்தால் காப்பாற்றித் தரும், அவ்வளவுதான். சில ஓட்டல்களில் சாவிக் கார்டை உருவினால் ஃப்ரிட்ஜும் அணைந்துவிடும். போன வருடம் வேறு ஊரில் அப்படித்தான் அரை லிட்டர் தயிர் புளித்துப் போனது. இங்கே அதற்குத் தனி லைன் கொடுத்திருக்கிறார்கள். அதை யோசித்துச் செய்த எலக்ட்ரீஷியனுக்கு ஒரு கும்பிடு.

அகமதாபாத்தில் சிக்கனமாக இருக்க மெனக்கெடவே வேண்டாம். தெருவுக்குத் தெரு அமுல் பார்லர். மசாலா மோர் பாக்கெட் நாலு வாங்கி உள்ளே அடுக்கினேன். வெந்தயக்கீரை தேப்லா (குஜராத்தி சப்பாத்தி) ஒரு கட்டு வாங்கினால் இரண்டு மூன்று நாள் கெடாது, மொறுமொறுவென்று சுட்ட காக்ரா ரொட்டி அதற்கும் மேல். வீட்டில் கட்டிக் கொடுத்த பூண்டு ஊறுகாயை அதற்குத் தொட்டுக்கொண்டால், சத்தியமாக, ரூம் சர்வீஸ் மெனு கார்டைத் திறக்கத் தோன்றாது. ஒரு ராத்திரி மட்டும் மாணேக் சவுக் போனேன். பகலில் நகைக்கடை வீதி, ராத்திரியில் அதே இடம் சாப்பாட்டுக் கடைகள். அங்கே தோசை மேல் வெண்ணெய் போடுகிற வேகத்தைப் பார்த்தால் நம் ஊர் மாஸ்டர்கள் மயங்கி விழுவார்கள்.

இனி ஓட்டலின் பெயரைச் சொல்லாததற்குக் காரணம். மோருக்கு இடம் வேண்டுமே என்று இரண்டு ஜூஸ் டப்பாவையும் முந்திரியையும் எடுத்து அலமாரி மேல்தட்டில் வைத்திருந்தேன். காலி செய்கிற அன்று பில்லில் 680 ரூபாய், வரி தனி. "சார், ஃப்ரிட்ஜில் மூன்று ஐட்டம் குறைகிறது" என்றார் ரிசப்ஷன் தம்பி. அலமாரியில் இருக்கிறது, பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். பார்த்துவிட்டு வர இருபத்தைந்து நிமிடம். வெளியே டாக்சிக்காரர் நாலு தடவை போன் போட்டுவிட்டார். கடைசியில் கழித்துக் கொடுத்தார்கள், வருத்தமும் சொன்னார்கள். ஆனால் அந்த இருபத்தைந்து நிமிடமும் லாபியில் இருந்தவர்கள் என்னை முந்திரி திருடனைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

தப்பு பாதி என் மேல்தான். சென்ற உடனே "மினிபாரைக் காலி செய்து கொடுங்கள்" என்று ஹவுஸ்கீப்பிங்கில் கேட்டிருந்தால் எடுத்துப் போயிருப்பார்கள். அப்படியும் முடியாவிட்டால் போனில் ஒரு போட்டோவாவது எடுத்து வைத்திருக்க வேண்டும்.

ரூமுக்கு ஐந்துக்கு நாலு. பில் போடும் விதத்துக்கு இரண்டு.

அடுத்த மாதம் சூரத். ரூம் போடும்போதே காலி ஃப்ரிட்ஜ் வேண்டும் என்று எழுதச் சொல்லியிருக்கிறேன். அக்கவுண்ட்ஸ் அம்மா சிரிக்கிறார்.