நோவோபென் 4 இன்சுலின் பேனா: ஐந்து மாதம் பயன்படுத்திய பிறகு

தஞ்சாவூரில் ஆசிரியையாகப் பணிபுரியும் எனக்கு, பல ஆண்டுகளாக மாத்திரைக்குக் கட்டுப்பட்டிருந்த சர்க்கரை கைமீறிப் போனதால், காலை 14 யூனிட், இரவு 8 யூனிட் என்று 30/70 கலப்பு இன்சுலினை (விரைவாக வேலை செய்வது 30 சதவீதம், மெதுவாக வேலை செய்வது 70 சதவீதம்) மருத்துவர் தொடங்கினார். முதல் மூன்று வாரம் குப்பியும் சிரிஞ்சுமாகப் போயிற்று. அதன்பின் இந்த ஐந்து மாதமும் நோவோபென் 4 பேனாதான். இன்சுலின் போடத் தொடங்கி, எந்தக் கருவியை வாங்குவது என்று தயங்கி நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

சிரிஞ்சில் எனக்கிருந்த பயம் வலியைப் பற்றியதல்ல, அளவைப் பற்றியது. நம் நாட்டில் இன்சுலின் இரண்டு செறிவுகளில் விற்கப்படுகிறது. வழக்கமான மனித இன்சுலின் குப்பிகளில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட்; பேனாவுக்குள் பொருத்தும் மருந்துக்குழாயான கார்ட்ரிட்ஜில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். முதலாவதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, இரண்டாவதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் அளந்து போட்டுவிட்டால், உடம்புக்குள் போவது இரண்டரை மடங்கு. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து, விடியற்காலையில் குழல்விளக்கின் கீழ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு 14-ஆம் கோட்டைத் தேடும்போதெல்லாம் என் கை நடுங்கியது. காற்றுக்குமிழியைத் தட்டி வெளியேற்றி, கணவரிடம் காட்டிச் சரிபார்த்து, பிறகு போட்டுக்கொள்ளப் பத்து நிமிடமாகும்.

பேனா இந்தப் பயத்தை ஏறக்குறைய முழுமையாகப் போக்கிவிட்டது. உலோக உடல்; கையில் எடுத்தால் நல்ல எழுதுபேனாவைவிடச் சற்றுக் கனம். பின்புறத் திருகைத் திருப்பினால் ஒவ்வொரு யூனிட்டுக்கும் விரலில் ஒரு சொடுக்கு தெரிகிறது, சிறு சாளரத்தில் எண் பெரிதாக நிற்கிறது. 16-க்குப் போய்விட்டால் மருந்தை வீணாக்காமல் 14-க்குத் திருப்பி வரலாம். அழுத்தி முடித்ததும் ஒரு 'கிளிக்' ஓசை கேட்கும். அதன்பிறகும் ஊசியை உடனே உருவாமல் மனத்துக்குள் பத்து வரை எண்ணுகிறேன். அவசரப்பட்டால் ஊசி முனையில் ஒரு துளி தங்கி நிற்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

ஆனால் பெட்டியைக் கையில் கொடுத்த மருந்துக்கடையில் எதையும் சொல்லித்தரவில்லை என்பது என் மனக்குறை. நான் பட்டுத் தெரிந்துகொண்டவை அத்தனையும் கால்மணி நேரத்தில் சொல்லக்கூடியவை. கார்ட்ரிட்ஜில் மொத்தம் 300 யூனிட். என் 22 யூனிட்டோடு, ஒவ்வொரு முறையும் போடுவதற்கு முன் காற்றை வெளியேற்றக் கழிக்கும் 2 யூனிட்டையும் சேர்த்தால் நாளுக்கு 26 ஆகிறது. முதல் கார்ட்ரிட்ஜின் பன்னிரண்டாம் நாள் காலையில், நான் முழு மூச்சாக அழுத்தியும் சாளரத்து எண் பூச்சியத்துக்கு வராமல் 2-இல் நின்றுவிட்டது. பேனா பழுதாகிவிட்டது என்றே நினைத்து, மருத்துவமனைச் செவிலியருக்குப் போன் செய்தேன். "பேனாவுக்கு ஒண்ணுமில்ல டீச்சர், மருந்து தீர்ந்துபோச்சு. இன்னும் ரெண்டு யூனிட் பாக்கின்னு அது சொல்லுது. புது கார்ட்ரிட்ஜ் மாத்தி அந்த ரெண்டை மட்டும் போட்டுக்கங்க" என்றார். நான் போடுவது போன்ற கலங்கலான இன்சுலினில், உள்ளே 12 யூனிட்டாவது இல்லாவிட்டால் கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் கண்ணாடிக் குண்டு உருண்டு மருந்தைச் சீராகக் கலக்க இடமிருக்காது என்றும், அந்த நிலைக்கு வந்துவிட்டால் புதியதை மாற்றிவிட்டே போட வேண்டும் என்றும் அவர்தான் சொன்னார். உள்ளங்கைகளுக்கு இடையே பத்து முறை உருட்டி, பிறகு பத்து முறை மேலும் கீழும் சாய்த்துப் பாலைப் போல ஒரே வெண்மையாக வந்த பிறகே இப்போது ஊசியைப் பொருத்துகிறேன்.

ஊசியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நான் வாங்குவது 4 மில்லிமீட்டர்; தொப்புளிலிருந்து விலகி, ஒவ்வொரு நாளும் ஒரு விரற்கடை தள்ளிப் போடுகிறேன், ஏனெனில் ஒரே இடத்தில் குத்திக்கொண்டிருந்தால் தோலுக்கடியில் கட்டி தடித்து, அங்கே போடும் மருந்து ஒழுங்காக ஏறாது. போட்டு முடித்ததும் ஊசியைக் கழற்றிவிட வேண்டும் என்பதை நான் அலட்சியம் செய்த ஒரே நாள், திருச்சிக்குப் பேருந்தில் போன நாள். பையைத் திறந்தபோது பேனா மூடி ஈரமாகி, மருந்துக்கே உரிய அந்த மருத்துவமனை வாடை கைக்குட்டை வரை ஏறியிருந்தது. மருந்து கசிந்த வழியே காற்றும் உள்ளே போயிருக்கிறது. அன்றிரவு உடம்புக்குள் மருந்து எவ்வளவு போயிற்றோ, மறுநாள் காலை வெறும்வயிற்றில் சர்க்கரை 264. இப்போது கழற்றிய ஊசிகள் எல்லாம் கெட்டியான ஒரு காலி பினாயில் பாட்டிலுக்குள் போகின்றன. நிரம்பியதும் மருத்துவமனையில் ஒப்படைக்கிறேன், குப்பை எடுக்க வருபவரின் கையில் குத்திவிடக் கூடாது.

இன்னொன்றையும் வாங்குவோர் மனத்தில் வைக்க வேண்டும். பேனா வேலையை ஒரு நிமிடமாகச் சுருக்கிவிடுவதால், சாப்பாடு எங்கே இருக்கிறது என்று பார்க்காமலேயே போட்டுவிடத் தோன்றும். இந்த வகை இன்சுலினை உணவுக்கு அரைமணி நேரம் முன்பு போட வேண்டும். ஒருநாள் காலை போட்டுக்கொண்ட பிறகு சமையல் எரிவாயு தீர்ந்து, மாற்று உருளையும் இல்லாமல், பக்கத்து வீட்டு அடுப்பில் இட்லி வெந்து வருவதற்குள் ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. வியர்த்துக் கொட்டி, விரல்கள் உதறின, மீட்டரில் 58. மூன்று தேக்கரண்டி குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்தபோதுதான் 70-ஐத் தாண்டியிருந்தது. அன்றிலிருந்து இட்லித் தட்டு அடுப்பில் ஏறிய பிறகுதான் பேனாவின் மூடியைத் திறக்கிறேன்.

பயன்பாட்டிலிருக்கும் கார்ட்ரிட்ஜை 30 டிகிரிக்குள் வெளியே வைத்துக்கொள்ளலாம். திறக்காதவை 2 முதல் 8 டிகிரிக்குள், உறைபனிப் பெட்டியை ஒட்டாமல் இருக்க வேண்டும். தஞ்சாவூர்ச் சித்திரை வெயிலுக்கு 30 டிகிரி எங்கே கிடைக்கும்? அகன்ற மண்சட்டியில் ஈர மணலைப் பரப்பி, அதன் நடுவே சிறு மண்கலயம் வைத்து, பேனாவை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு அதில் வைக்கிறேன். மணல் காயவிடாமல் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தால் போதும், மின்சாரம் போனாலும் கவலையில்லை.

இந்தப் பேனா 1 யூனிட் படிகளில் 60 வரை தரும். கடைசியாக எப்போது, எவ்வளவு போட்டோம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளாது. போட்டோமா இல்லையா என்று குழம்பி நின்ற இரவில் நான் மறுபடி போடவில்லை. மீட்டரில் பார்த்துவிட்டுப் படுத்தேன். இப்போது சமையலறை நாட்காட்டியில் தேதிக்குக் கீழே கா, இ என்று எழுதிவைக்கிறேன். அரை யூனிட் தேவைப்படும் குழந்தைகளுக்கும், இந்த மறதி அதிகமுள்ள முதியவர்களுக்கும் அதே நிறுவனத்தின் நோவோபென் எக்கோ பொருத்தமாக இருக்கும், அதில் இரண்டு வசதியும் உண்டு. மற்றவர்கள் தயங்காமல் இதை வாங்கலாம். கடையை விட்டு இறங்குவதற்கு முன் முதல் கார்ட்ரிட்ஜை உங்கள் கையாலேயே பொருத்தக் கற்றுத்தரச் சொல்லிக் கேளுங்கள்.