ஹெப்பாரின் ட்ரிப்ஸா, எனாக்சாபரின் ஊசியா?

அம்மாவின் தொடை ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியிருப்பது டாப்ளர் ஸ்கேனில் தெரிந்ததும் மருத்துவர் இரண்டு வழிகளைச் சொன்னார். வார்டில் சேர்த்து, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தை ட்ரிப்ஸாக ஏற்றலாம், இல்லையென்றால் வீட்டிலேயே எனாக்சாபரின் ஊசி போட்டுக்கொள்ளலாம். நாங்கள் ஊசி வழியில் போனோம். இன்றும் அதைத்தான் சொல்வேன்.

இரண்டும் ஒரே குடும்பம். ஹெப்பாரின் நம் உடம்பிலேயே இருக்கும் பொருள். 1916இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜே மெக்லீன் என்ற மாணவர் கண்டறிந்ததிலிருந்து இதன் கதை தொடங்குகிறது. ரத்தம் உறைவதைக் கட்டுப்படுத்தும் ஆன்டித்ராம்பின் என்ற புரதத்தை இது பல மடங்கு வேகமாக வேலை செய்ய வைக்கும். ஏற்கெனவே இருக்கிற ரத்தக் கட்டியை இது கரைக்காது. வளரவிடாமல் தடுக்கும், கரைப்பதை உடம்பே பார்த்துக்கொள்ளும். ஹெப்பாரினின் நீண்ட சங்கிலியைச் சிறு துண்டுகளாக்கினால் எனாக்சாபரின். மூலப்பொருள் இரண்டுக்கும் பெரும்பாலும் பன்றிக் குடலின் உட்சவ்வுதான். அது மனதுக்கு ஒப்பவில்லை என்றால், முழுக்க ஆலையில் தயாராகும் ஃபோண்டாபரினக்ஸ் ஒத்துவருமா என்று மருத்துவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது அடிக்கடி எடுக்க வேண்டிய ரத்தப் பரிசோதனைதான். ஹெப்பாரினின் நீண்ட சங்கிலிகள் ரத்தத்தில் கண்ட புரதங்களோடும் ஒட்டிக்கொள்கின்றன. அதனால் ஒரே அளவு மருந்து ஒருவருக்குக் குறைவாகவும் இன்னொருவருக்கு அதிகமாகவும் வேலை செய்யும். குறைந்தால் கட்டி வளரும், கூடினால் ரத்தம் கசியும். எனவே அளவு நிலைப்படும் வரை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து, அது உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஏபிடிடி பரிசோதனை பார்த்து, பம்பின் வேகத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நடு ராத்திரியானாலும் விடிகாலையானாலும் அம்மாவை எழுப்பி, அந்த மெலிந்த கையில் நரம்பு தேடிக் குத்துவார்கள். கழிப்பறைக்குப் போனாலும் பம்ப் கூடவே வரும். துணைக்கு ஒருவர் அங்கேயே படுக்க வேண்டும். வேளச்சேரியிலிருந்து மாறி மாறிப் போய்வர எங்கள் வீட்டில் ஆள் இல்லை.

எனாக்சாபரினில் இந்தப் பாடு இல்லை. கிலோவுக்கு 1 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. அம்மா 60 கிலோ என்பதால் 60 மில்லிகிராம் சிரிஞ்ச் அப்படியே பொருந்திவிட்டது. பெரும்பாலானவர்களுக்கு அளவு சரிபார்க்கத் தனிப் பரிசோதனை தேவைப்படுவதில்லை. தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, தோலை மடித்துப் பிடித்து நேராகக் குத்த வேண்டும். போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. முழு சிரிஞ்சையும் போடுவதாக இருந்தால் உள்ளே இருக்கும் காற்றுக் குமிழை வெளியேற்றத் தேவையில்லை. இன்சுலின் போட்டுப் பழகிய கை இதைத்தான் முதலில் மறக்கும். வயிற்றில் ஆங்காங்கே நீலம் பாய்ந்தது, பிறகு தானே மறைந்தது. 25 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்லி மருந்துப் பெட்டியில் போட்டிருக்கிறார்கள். சென்னை மே மாதத்தில் சமையலறை அலமாரி அதற்கு லாயக்கில்லை என்பதால் ஏசி அறையில் வைத்தோம். உறையவிடக் கூடாது.

ட்ரிப்ஸ் ஜெயிக்கும் இடங்களும் உண்டு. நிறுத்திய சில மணி நேரத்தில் ஹெப்பாரினின் வேகம் அடங்கிவிடும். அவசரமென்றால் புரோட்டமின் என்ற மாற்று மருந்தைக் கொடுத்து முழுதாக முறிக்கலாம். எனாக்சாபரினைப் புரோட்டமின் ஓரளவுதான் முறிக்கும். அறுவை சிகிச்சை நெருங்கியிருந்தாலோ, ரத்தக்கசிவு பயம் இருந்தாலோ வார்டே பாதுகாப்பு. சிறுநீரகம் முக்கியம்: எனாக்சாபரின் அதன் வழியாகத்தான் வெளியேறுகிறது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவு அம்மாவுக்குச் சரியாக இருந்ததால் எங்களுக்கு ஒத்துப்போனது. சிறுநீரகம் தளர்ந்த ஒருவரைக் கவனித்த அனுபவம் எனக்கில்லை, அந்த வீட்டில் போய் எங்கள் வழியைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அப்புறம், ரத்தத் தட்டணுக்கள் (பிளேட்லெட்) திடீரென்று குறையும் ஆபத்து இரண்டிலும் உண்டு. ஹெப்பாரினில் அதிகம், எனாக்சாபரினில் குறைவு. பெரும்பாலும் ஐந்தாம் நாளுக்கு மேல்தான் அது தெரியவரும். வீட்டில் ஊசி போடுகிறோம் என்பதற்காக ரத்த எண்ணிக்கைப் பரிசோதனையே வேண்டாம் என்று விட்டுவிடாமல், எந்த நாளில் எடுக்க வேண்டும் என்று முதல் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.