வேலூரில் லாட்ஜ் வாசம்: சிகிச்சைக்காக வாரக்கணக்கில் தங்கப் போகிறவர்களுக்கு

லாட்ஜைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் மெத்தை, ஏசி, டிவி, வைஃபை என்றுதான் எழுதுகிறார்கள். இரண்டு ராத்திரி தங்கிவிட்டுக் கிளம்புகிறவருக்கு அது போதும். வாரக்கணக்கில் தங்கப் போகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு: துவைத்த துணியை எங்கே காயப்போடுவது? ரிசப்ஷனில் இதைக் கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

அப்பாவுக்கு வாயில் புற்றுநோய். ரேடியேஷன் வாரத்துக்கு ஐந்து நாள், சனி ஞாயிறு கிடையாது, ஆறேழு வாரம் ஓடும். ஒரு தடவை மெஷினில் படுத்து எழுந்திருப்பது சில நிமிட வேலைதான். அதற்காக வார்டில் கட்டில் தரமாட்டார்கள், தரவும் தேவையில்லை. ஆனால் மயிலாடுதுறையிலிருந்து தினம் போய்வர முடியுமா? ஆக, ஆஸ்பத்திரிக்கு வெளியே, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் குடியிருந்தாக வேண்டும். சிஎம்சி என்கிற வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியைச் சுற்றி இத்தனை லாட்ஜ் இருப்பதற்குக் காரணம் இந்த மாதிரி நோயாளிகள்தான். 1900இல் மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய வைத்தியம், இன்று வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், திரிபுரா என்று எங்கெங்கிருந்தோ ஆட்களைக் காட்பாடி ஸ்டேஷனில் இறக்கிவிடுகிறது. காந்தி ரோட்டிலும் பாபுராவ் தெருவிலும் போர்டுகள் வங்காளியில் இருக்கும். கடைக்காரர் நம்மைப் பார்த்ததும் இந்தியில் ஆரம்பிப்பார். தமிழில் பதில் சொன்னால் அவருக்கே கொஞ்சம் ஆச்சரியம்.

முதலில் ஆஸ்பத்திரி கேட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு லாட்ஜில் ரூம் போட்டோம். நடக்கிற தூரம், லிஃப்ட் உண்டு, ஜன்னலும் உண்டு என்றார்கள். ஜன்னல் இருந்தது, திறந்தால் எதிரே இரண்டடியில் பக்கத்துக் கட்டடத்துச் சுவர். பகலிலும் டியூப்லைட் போட்டுத்தான் மாத்திரை அட்டையைப் படிக்க வேண்டும். லிஃப்டுக்கு ஜெனரேட்டர் கனெக்ஷன் கிடையாது என்பது முதல் பவர்கட்டில் தெரிந்தது. அதையும் பொறுத்துக்கொண்டோம். வார முடிவில் பில்லைப் பார்த்தால், நான் தரையில் பாய் விரித்துப் படுத்ததற்கு எக்ஸ்ட்ரா பெட் சார்ஜ் போட்டிருந்தார்கள். பெட்டே கொடுக்கவில்லையே என்றால், "ஆள் கணக்கு சார்" என்றார் மேனேஜர். அன்றைக்கே வேறு இடம் தேட ஆரம்பித்தேன்.

இரண்டாவது பிடித்தது கிச்சன் உள்ள ரூம். வேலூரில் இது சாதாரணம். வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாததால் சொல்கிறேன். ஒரு டபுள் ரூம், பாத்ரூம், அதோடு ஒட்டினாற்போல ஒரு ஆள் நிற்கிற அளவுக்குக் கடப்பா மேடையும் சிங்க்கும். அடுப்பு, சின்ன சிலிண்டர், குக்கர், பாத்திரம் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். சில லாட்ஜில் அவர்களே தருவார்கள், இல்லாவிட்டால் தெருவிலேயே கடை இருக்கிறது. வாங்கும்போது குக்கருக்கு கேஸ்கெட் இருக்கிறதா என்று மூடியைத் திருப்பிப் பாருங்கள்.

வீட்டிலிருந்து இண்டக்‌ஷன் அடுப்பு கொண்டுபோகலாம் என்று நினைப்பவர்களுக்கு: பெரும்பாலான ரூம்களில் இருப்பது 6 ஆம்பியர் பிளக்தான். 2000 வாட் அடுப்பு எட்டு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஒன்று எம்சிபி (லோடு மிஞ்சினால் கரண்டைத் துண்டிக்கிற சுவிட்ச்) டிரிப் ஆகும், இல்லையென்றால் பிளக் கருகும். நிறைய லாட்ஜில் 'இண்டக்‌ஷன், அயர்ன்பாக்ஸ் கூடாது' என்றே எழுதி ஒட்டியிருப்பதற்கு அதுதான் காரணம், கரண்ட் பில் மட்டும் இல்லை.

கிச்சன் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ரேடியேஷன் தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் வாயெல்லாம் புண்ணாகிவிடும். ஓட்டல் சாம்பாரில் இருக்கிற மிளகாய் அமிலம் ஊற்றினாற்போல எரியும். இட்லியைக்கூடப் பாலில் ஊறவைத்துத்தான் அப்பா சாப்பிட்டார். அப்புறம் குழைந்த சாதத்தில் மோர், பிறகு கஞ்சி, கடைசியில் எல்லாமே மிக்ஸியில் அடித்து. வேளைக்கு இல்லை, அவருக்கு விழுங்க முடிகிற நேரத்துக்கு. இதை எந்த மெஸ்ஸிலும் செய்துதர மாட்டார்கள். ரூம் சர்வீஸ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ராத்திரி பதினோரு மணிக்கு உப்புக் குறைவாக, ஆறின பாசிப்பருப்புக் கஞ்சி வராது. ஆகவே வாய், தொண்டை சம்பந்தப்பட்ட சிகிச்சை என்றால் ஏசியை விட்டுவிட்டு கிச்சனை எடுங்கள். வெயில் காலமாக இருந்தால் மட்டும் இரண்டு தடவை யோசியுங்கள், வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த மாடி முழுக்கக் கடுகெண்ணெய் வாசனை. முதல் வாரம் எனக்குக் குமட்டியது, அப்புறம் பழகிவிட்டது. எதிர் ரூமில் பர்த்வான் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம். அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு வங்காளி தெரியாது. எங்களிடம் மிக்ஸி இருந்தது, அவர்களிடம் பெரிய குக்கர் இருந்தது. இரண்டும் வராந்தாவைத் தாண்டிப் போய்வந்துகொண்டே இருந்தன. "தாதா, பாபா கேமோன் ஆச்சேன்?" என்பார்கள் காலையில், 'அண்ணா, அப்பா எப்படி இருக்கிறார்?' என்று. "பரவால்லம்மா" என்பேன். எந்தக் கவுண்டருக்கு எத்தனை மணிக்குப் போனால் கூட்டம் குறைவு, எந்தக் கடையில் மருந்துக்குச் சில்லறை தருவார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியவந்தது ரிசப்ஷன் மூலமாக இல்லை, இந்த வராந்தா மூலமாகத்தான்.

துணி விஷயத்துக்கு வருகிறேன். நோயாளியோடு இருந்தால் துண்டும் தலையணை உறையும் தினம் மாற்ற வேண்டும். லாட்ஜில் பெட்ஷீட் மாற்றுவது மூன்று நாளைக்கு ஒருமுறை, அதுவும் ஞாபகப்படுத்தினால். ஆகவே சொந்தமாக நாலு செட் கொண்டுபோய்விடுங்கள். வெளியே லாண்டரியில் போட்டால் உருப்படிக் கணக்கு, ஒரு மாதத்தில் அது தனிச் செலவாக நிற்கும். மொட்டைமாடியில் கொடி கட்ட விடுகிறார்களா, மாடிக் கதவுக்குப் பூட்டு போடுகிறார்களா என்று ஏறிப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். எங்கள் இரண்டாவது லாட்ஜில் சாவி ரூம்பாய் தம்பியிடம் இருந்தது. குடியாத்தம் பக்கத்துப் பையன். வாரத்துக்கு ஒருமுறை டீ செலவுக்கு என்று ஏதாவது கையில் கொடுத்துவிடுவேன். மாடிச் சாவி, கேன் தண்ணீர், சாயங்காலம் ஒரு பக்கெட் வெந்நீர் என்று எல்லாம் அவன் தயவில்தான் நடந்தது. பொது வெந்நீர் காலையில் மட்டும்தான் வரும். அப்பாவுக்கு வேண்டியது சாயங்காலம்.

பாத்ரூமில் வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா என்று எல்லாரும் கேட்பார்கள். பக்கத்தில் கையூன்றி எழ ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். சிகிச்சை முடியும் தறுவாயில் அப்பா பத்து கிலோவுக்கு மேல் இளைத்துவிட்டார். உள்ளே போகும்போது அவர் பிடித்துக்கொண்டது வாஷ்பேசினைத்தான், அது ஆடுகிற வாஷ்பேசின். எடை குறையும் என்று டாக்டர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். அதை மனதில் வைத்து முதல் மாடிக்கு மேல் எடுக்காதீர்கள், லிஃப்ட் இருந்தாலும்.

வாடகை. போர்டில் போட்டிருப்பது நாள் வாடகை, அதை நீண்ட நாள் தங்குபவர் கொடுக்க வேண்டியதில்லை. மாதத்துக்குப் பேசினால் நன்றாகவே குறைப்பார்கள். ஆனால் பணத்தை வாராவாரம் கொடுங்கள். காரணம் இருக்கிறது. நடுவில் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்து வார்டில் சேர்த்தார்கள். கூட ஒருவர்தான் இருக்கலாம், நான் அங்கே. ரூம் காலி, ஆனால் பாத்திரமும் பையும் உள்ளே, வாடகை ஓடுகிறது. காலி செய்தால் திரும்பி வரும்போது கிச்சன் ரூம் கிடைக்குமா என்பது சந்தேகம். "அட்மிஷன் ஆனால் பாதி வாடகை" என்று மேனேஜரிடம் முதல் நாளே பேசி வைத்திருந்ததால் தப்பித்தேன். வாய்வார்த்தைதான், ஆனால் மனுஷன் காப்பாற்றினார். முழு மாதப் பணத்தை முன்கூட்டிக் கட்டியிருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

சொன்ன ரேட் ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா என்று கேட்டுவிடுங்கள். 1000 ரூபாய்க்குக் கீழ் இருந்த ரூம்களுக்கு 2022 ஜூலை வரை வரியே இல்லை, பிறகு 12 சதவீதம் வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் நாளுக்கு 7500 ரூபாய் வரையிலான ரூம்களுக்கு 5 சதவீதம். பழைய ஞாபகத்தில் இன்னும் 12 என்று கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், பில்லைப் பாருங்கள்.

வேலூரிலேயே தோட்டப்பாளையம், சைதாப்பேட்டைப் பக்கம் வீட்டு மாடியில் மாத வாடகைக்கு அறை தருகிறவர்களும் உண்டு. செலவு குறையும், சத்தம் குறையும். மூன்று மாதத்துக்கு மேல் என்றால் நானும் அதைத்தான் எடுப்பேன். ஆனால் தினம் ஆட்டோ பிடிக்க வேண்டும், ராத்திரி இரண்டு மணிக்கு ஏதாவது என்றால் கீழே விழித்திருக்கிற ஆள் யாரும் இல்லை. லாட்ஜில் அந்த நேரத்திலும் ஷட்டருக்குள் ஒருவர் பாய் போட்டுப் படுத்திருப்பார், தட்டினால் எழுந்து ஆட்டோவுக்கு போன் போடுவார். எங்களுக்கு ஒரு தடவை அது தேவைப்பட்டது.

காலி செய்கிற அன்று நேரத்தைக் கவனியுங்கள். அங்கே பல லாட்ஜில் 24 மணி நேரக் கணக்கு. நீங்கள் உள்ளே வந்த மணிதான் வெளியே போகிற மணி. நாங்கள் வந்தது காலை ஏழுக்கு, ரயிலோ சாயங்காலம். பைகளை ரிசப்ஷனில் வைத்துவிட்டு, அப்பாவை மட்டும் பகலுக்குப் படுக்கவைக்க ஒரு ரூமின் அரைநாள் வாடகை கேட்டேன். "காலியாத்தான் சார் கிடக்கு, படுக்கட்டும்" என்று சாவியைக் கொடுத்தார் மேனேஜர், பில்லில் ஏற்றவில்லை.